ஊர்ச்சீட்டு, ஊசிச்சீட்டு, நேரச்சீட்டு

2021-ல் வெளிநாட்டு விமானம் ஏறின யாரையாவது நடுராத்திரி எழுப்பிக் கேட்டுப் பாருங்க, 72 என்பார்கள். சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்து விமானம் கிளம்புற நேரம் வரைக்கும் 72 மணிக்கு மேல் ஆகக்கூடாது. ஆச்சுன்னா கையில் இருக்கிற சான்றிதழ் வெறும் காகிதம். பால் பாக்கெட் மாதிரிதான். எங்க பொட்டி தட்டுற தொழிலிலும் இது உண்டு. ஒரு தகவலை எங்கேயோ கேட்டு வாங்கி வச்சிருப்போம். அது எவ்வளவு நேரம் வரைக்கும் உண்மைன்னு நம்பலாம்னு ஒரு கெடு வைப்போம். வாங்கின இடத்து மேல நம்பிக்கை குறைய குறைய கெடுவும் குறையும்.

இந்த 72 எங்கிருந்து முளைச்சுதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட அறுநூறு வருஷம் பின்னாடி போயிடுச்சு. எனக்குப் பட்டது இதுதான்: எல்லையில் நிக்கிறவனிடம் "உன்னால எங்களுக்கு நோய் வருமா?" என்று கேட்கிற காகிதம் மூணு தடவை ஆளே மாறியிருக்கு. முதலில் அது ஊரைப் பத்திப் பேசியது. அப்புறம் உடம்பைப் பத்தி. கொரோனா காலத்தில் நேரத்தைப் பத்தி. இது நானா போட்டுக்கிட்ட பிரிப்பு. வரலாறு படிச்சவங்க அடிக்க வராதீங்க :-)

முதலில் ஊர்ச்சீட்டு. 1377-ல் ரகூசா என்ற துறைமுக நகரம் (இன்னிக்குக் குரோஷியாவில் இருக்கிற துப்ரோவ்னிக்) ஒரு சட்டம் போட்டது. பிளேக் இருக்கிற ஊரிலிருந்து வர்றவங்க நேரா நகரத்துக்குள்ள வரக்கூடாது, 30 நாள் வெளியே தங்கணும். 30 பிறகு 40 ஆச்சு. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கான சொல்லிலிருந்துதான் குவாரன்டைன் என்ற வார்த்தையே வந்தது. இதோட கூடப் பிறந்ததுதான் கப்பல்காரன் கையில் கொடுக்கிற சுகாதாரச் சீட்டு. கிளம்பின துறைமுகத்து அதிகாரி எழுதித் தருவார்: எங்க ஊரில் நோய் இல்லை, அல்லது இருக்குமோன்னு சந்தேகம், அல்லது இருக்கு. சுத்தச் சீட்டு, சந்தேகச் சீட்டு, கறைச் சீட்டுன்னு வச்சுக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, கப்பலில் இருக்கிற தனி ஆளைப் பத்தி அதில் அதிகம் இருக்காது. நீ எந்த ஊரிலிருந்து வர்றே என்பதுதான் உன் நோய்.

இங்கே ஜான் ஹோவர்டு என்ற ஆங்கிலேயரைச் சொல்லாம போக முடியாது. சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பேர் வாங்கினவர். தனிமை முகாம்கள் உள்ளே எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு, ஸ்மிர்னாவில் வேணும்னே கறைச் சீட்டு இருந்த கப்பலாப் பார்த்து ஏறினார் மனுஷன்! 1785 கடைசியில் வெனிஸ் முகாமில் போய் அடைபட்டார். அறைச் சுவரெல்லாம் அழுக்கு, நாத்தம். கடைசியில் தானே ஏற்பாடு பண்ணிச் சுண்ணாம்பு அடிக்க வச்சார். இதையெல்லாம் 1789-ல் புத்தகமாவும் போட்டார். இன்னிக்கு ஆளாளுக்கு யூடியூப்பில் குவாரன்டைன் ஹோட்டல் ரிவ்யூ போட்டதுக்கெல்லாம் இவர்தான் மூத்த அண்ணன்.

ஊர்ச்சீட்டுக்கு ஒரு குறுக்கு வழியும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் துருக்கிப் பக்கத்திலிருந்து பருத்தி, பட்டு ஏத்திக்கிட்டு இங்கிலாந்துக்குப் போற கப்பலிடம் சுத்தச் சீட்டு இல்லைன்னா நேரா உள்ளே விடமாட்டாங்க. வழியில் மால்டாவிலோ வெனிஸிலோ லிவோர்னோவிலோ மார்செயிலோ தங்கி, சரக்கைப் பிரிச்சுக் காத்தாட வச்சுட்டுத்தான் போகணும். அதாவது மூணாவது நாட்டில் நின்னு கறையைக் கழுவிக்கணும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

விமானம் வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் கவுந்துச்சு. கப்பலில் வாரக்கணக்கில் வர்றப்ப, நோய் இருக்கிறவனுக்கு நடுக்கடலிலேயே காய்ச்சல் வந்துடும். கப்பலே பாதி முகாம். விமானத்தில் அப்படி இல்லை, உடம்புக்குள் நோய் முளைவிடுறதுக்கு முன்னாடியே ஆள் இறங்கி ஊருக்குள் போயிடுவான். அதனால் 1933-ல் ஹேக் நகரத்தில் வான்வழிப் போக்குவரத்துக்குன்னே தனியா ஒரு சுகாதார ஒப்பந்தம் போட்டாங்க. 1951-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லாத்தையும் ஒண்ணாக்கி விதி எழுதினது. அப்ப வந்தது ஊசிச்சீட்டு. நீ எந்த ஊர் என்பதோட, உன் உடம்பில் காப்பு இருக்கா என்பதும் கேள்வியாச்சு. அம்மை குத்தின சான்று, காலரா ஊசிச் சான்று, மஞ்சள் காய்ச்சல் சான்று.

காலரா ஊசி நோய் எல்லை தாண்டுறதைத் தடுக்கலைன்னு புரிஞ்சதும் 1973-ல் அந்தச் சான்றைச் சர்வதேச விதியிலிருந்து எடுத்தாங்க. பெரியம்மை ஒழிஞ்சதுன்னு 1980 மே மாதம் அறிவிச்சதும் அதுவும் போச்சு. மஞ்சள் காய்ச்சல் மட்டும் நிக்குது. நம்ம ஊரில் அந்த நோய் கிடையாது, ஆனா அதைப் பரப்புற ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கு. அதனால் இந்தியா இதில் ரொம்பக் கறார். சான்று இல்லாம அந்த நாடுகளிலிருந்து வந்தா 6 நாள் வரைக்கும் உட்கார வச்சிடுவாங்க. ஆப்பிரிக்கா புராஜெக்டுக்குப் போன நண்பர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கிட்டு வந்து கையைத் தடவிக்கிட்டிருப்பாங்க. போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அந்தச் சீட்டு செல்லும். ஆனா ஒரு தடவை போட்டா, 2016 ஜூலையில் மாத்தின விதிப்படி, ஆயுசுக்கும் செல்லும்.

ஒரு பக்கம் ஆயுசு முழுக்க, இன்னொரு பக்கம் 72 மணி நேரம். வித்தியாசம் எங்கே வருதுன்னா, பிசிஆர் பரிசோதனை உடம்புக் காப்பைப் பத்தி எதுவும் சொல்லாது. குச்சியில் ஒட்டின சளியில் வைரஸோட மரபுச் சரடு இருந்தா அதை ஒண்ணை ரெண்டாக்கி, ரெண்டை நாலாக்கிப் பெருக்கும். 30 சுத்து போனா ஒண்ணு 107 கோடிக்கு மேல் ஆகும் (2-ஐ 30 தடவை பெருக்கிப் பாருங்க). அவ்வளவு கூர்மையான கருவி. ஆனா அது சொல்றது, குச்சி விட்ட அந்த நிமிஷத்தில் அங்கே இருந்ததா இல்லையா என்பதை மட்டும். நேத்துத் தொத்தியிருந்தா இன்னிக்குத் தெரியாம போகலாம். குணமாகி வாரக்கணக்கானவனுக்கும் 'இருக்கு'ன்னு காட்டலாம்.

இந்தியா 2020 மார்ச்சில் சர்வதேசப் பயணிகள் விமானத்தை நிறுத்தினது. பிறகு ஏர் பபிள் என்ற பேரில் நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க. 2020 ஆகஸ்டில் வந்த விதியில் 96 மணி நேரம். நெகட்டிவ் காட்டினா அரசு முகாமில் தங்கறதிலிருந்து விலக்கு கேட்கலாம். 2021 பிப்ரவரி 22 முதல் 72 மணி நேரம், கட்டாயம், ஏர் சுவிதா என்ற தளத்தில் முன்கூட்டியே ஏத்தியாகணும். அமெரிக்கா 72 மணின்னு சொல்லாம 'மூணு நாள்'னு எழுதினது. மணிக்கணக்கு வச்சா விமானம் கிளம்புற நேரத்தைப் பொறுத்து செல்லும் செல்லாதுன்னு தகராறு வரும், நாள் கணக்கு வச்சா வராது. நேர மண்டலத்தில் அடிபட்ட எந்தப் புரோகிராமரும் இந்த ஒரு வரிக்கு எழுந்து நின்னு கைதட்டுவான்.

சரி, இந்தக் கெடு நிஜமாவே வேலை செஞ்சுதா? ஒரு விமானத்தை எடுத்துக்கலாம். 2020 செப்டம்பர் 29, துபாயிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு. நடுவில் கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்ப நின்னது, மொத்தம் 18 மணி நேரம். பயணிகள் 86 பேர். நியூசிலாந்து அப்ப வந்து இறங்கின எல்லாரையும் 14 நாள் ஹோட்டலில் வச்சு மறுபடி மறுபடி பரிசோதனை பண்ணிக்கிட்டிருந்தது. அதில் 7 பேருக்குத் தொற்று. அந்த ஏழில் 5 பேர் கிளம்புறதுக்கு முன்னாடியே நெகட்டிவ் வாங்கினவங்க. ஏழு பேரின் வைரஸையும் வரிசைப்படுத்திப் பார்த்தா கிட்டத்தட்ட ஒரே அச்சு, உட்கார்ந்திருந்த இடமும் பக்கத்துப் பக்கத்து வரிசை. விமானத்துக்குள்ளேயே பரவியிருக்குன்னு அந்த ஊர் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தாங்க. கவனிங்க, இதைக் கண்டுபிடிச்சது ஏறுறதுக்கு முன்னாடி வாங்கின காகிதம் இல்லை, இறங்கின பிறகு போட்ட 14 நாள். ரகூசாக்காரன் கண்டுபிடிச்ச அதே பழைய முறை.

2021 ஏப்ரல் தொடக்கத்தில் டெல்லியிலிருந்து ஹாங்காங் போன ஒரே விமானத்தில் ஏறத்தாழ 50 பேருக்கு, இறங்கின பிறகு தொற்று தெரிஞ்சது. எல்லார் கையிலும் 72 மணி நேரச் சான்று இருந்தது. அந்த மாசமே ஹாங்காங் இந்திய விமானங்களை நிறுத்தினது.

இப்படி நேரச்சீட்டு மேல நம்பிக்கை போனதும் நாடுகள் என்ன பண்ணுச்சு? நேரா ஊர்ச்சீட்டுக்குத் திரும்பினாங்க! 2021 ஏப்ரல் 22 முதல் கனடா இந்தியாவிலிருந்து நேரடி விமானத்தை நிறுத்தினது. சுத்தி வர்றவங்க, கடைசியா ஏறுற மூணாவது நாட்டில் பரிசோதனை எடுத்திருக்கணும். இந்தியாவில் எடுத்தது செல்லாது. டெல்லி லேபில் இருக்கிறதும் பிசிஆர்தான், மெக்சிகோ லேபில் இருக்கிறதும் பிசிஆர்தான். மாறினது சீட்டில் இருந்த ஊர்ப் பேர் மட்டும். சவூதி 2021 பிப்ரவரியில் இந்தியா உட்பட 20 நாடுகளிலிருந்து வர்றவங்களை நிறுத்தினது. வேலைக்குத் திரும்ப வேண்டியவங்க நேபாளத்திலோ மாலத்தீவிலோ 14 நாள் தங்கி, அங்கே நெகட்டிவ் வாங்கிட்டுப் போனாங்க. ஏப்ரல் கடைசியில் நேபாளமும் அந்த வழியை அடைச்சது. நம்மாளுங்க காத்மாண்டு ஹோட்டல் ரூமில் மாட்டிக்கிட்டாங்க. மால்டாவில் பருத்தி மூட்டையைக் காத்தாட வச்ச கதைதான், இந்தத் தடவை மூட்டைக்குப் பதிலா மனுஷங்க.

ஐக்கிய அரபு அமீரகம் வேற வழியில் போச்சு. 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஒரு பிசிஆர். அது போக, விமானம் கிளம்புறதுக்கு 4 மணி நேரத்துக்குள் (பிறகு 6 ஆச்சு) ஏறுற விமான நிலையத்திலேயே இன்னொரு ரேபிட் பிசிஆர். இதுக்காகவே நம்ம விமான நிலையங்களில் கவுண்டர் போட்டு மெஷின் இறக்கினாங்க. கட்டணம் சில ஆயிரம் ரூபாய்.

எங்க சித்தப்பா சார்ஜாவில் ஏசி மெக்கானிக். 2021 அக்டோபரில் கிளம்பினார். 48 மணி நேரச் சான்று நெகட்டிவ். விமான நிலையத்தில் பாசிட்டிவ். பெட்டி கட்டி, ஊறுகாய் பாட்டிலுக்கு மேல ரெண்டு சுத்து டேப் ஒட்டி, சித்தி அழுது முடிச்சு, எல்லாம் ஆன பிறகு விடியக்காலையில் திரும்பி வர்றார். விசாவுக்கு மூணு வாரம் பாக்கி. "நேத்து இல்லேன்னு ஒருத்தன் எழுதிக் கொடுத்தான், இன்னிக்கு இருக்குன்னு ஒருத்தன் எழுதிக் கொடுக்குறான். நான் நடுவுல பஸ்ல வந்தது தவிர ஒண்ணும் பண்ணலியேடா தம்பி" என்றார். ரெண்டு லேபில் ஒண்ணு பொய் சொல்லுதுன்னு அவர் முடிவே கட்டிட்டார். ரெண்டுமே உண்மையா இருக்கலாம், அது ரெண்டு வேற வேற நிமிஷத்தைப் பத்தின சான்று என்று நான் விளக்கப் போய், "உன் இன்ஜினியரிங்கை உங்கிட்டயே வச்சுக்க" என்று வாங்கிக் கட்டிக்கிட்டேன். 15 நாள் கழிச்சு மறுபடி அதே கவுண்டர், மறுபடி காசு, நெகட்டிவ், போய்ச் சேர்ந்தார். டிக்கெட்டை மாத்திக் கொடுத்தாங்க. முதல் தடவை கட்டின டெஸ்ட் காசு போனது போனதுதான்.

இறங்குற நாட்டுக்காரன் தன் வாசலைத் தூக்கிக்கிட்டு வந்து ஏறுற நாட்டில் வைக்கிறது புதுசுன்னு நினைச்சீங்கன்னா, ராமேஸ்வரம் போற வழியில் மண்டபம் கேம்ப் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. அந்த 'கேம்ப்' இதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேறுறதுக்கு முன்னாடி நிறுத்தி வச்ச முகாம். நடத்தினது அன்றைய இலங்கை அரசாங்கம், இந்திய மண்ணில். காலரா, பிளேக், அம்மை மூணுக்கும் பயந்து குடும்பம் குடும்பமா சில நாள் அடைச்சு வச்சு, பரிசோதனை பண்ணி, அம்மை குத்தி, அப்புறம்தான் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு அனுப்புவாங்க. அதுக்கு முன்னாடி இதே வேலைக்குத் தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. 1900-களின் தொடக்கத்தில் தொழிலாளி கையில் எஸ்டேட் அடையாளம் பொறிச்ச தகர வில்லை ஒண்ணும் கொடுத்தாங்க. யார், எங்கே போறான், எந்தத் துரை கணக்குன்னு அதைப் பார்த்தாலே தெரியும். க்யூஆர் கோடுக்கு முப்பாட்டன்.

காகிதம்னு ஒண்ணு வந்தா கள்ளக் காகிதமும் வரும். பாரீஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 150 முதல் 300 யூரோ வரைக்கும் விலை வச்சுப் போலி நெகட்டிவ் சான்று வித்த ஏழு பேரை 2020-ல் போலீஸ் பிடிச்சது. ஐரோப்பிய ஒன்றியம் இதுக்குப் பதில் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2021 ஜூலை 1 முதல் அவங்க சான்றிதழில் டிஜிட்டல் கையெழுத்து. எல்லைக் காவலர் க்யூஆரைக் காட்டினா, இதைக் கொடுத்தது நிஜமாவே அந்த நாட்டு அமைப்புதானான்னு கணக்குப் போட்டே தெரிஞ்சுக்கலாம், பயணியோட மருத்துவ விவரத்தை ஒரு பெரிய டேட்டாபேஸில் கொட்டி வைக்க வேண்டாம். இந்த அமைப்பைத்தான் 2023-ல் உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கிட்டது.

ஆனா கணக்கு சரியா இருந்தா மட்டும் போதுமா? 2021 செப்டம்பரில் பிரிட்டன், இந்தியாவில் கோவிஷீல்டு போட்டவங்களைத் தடுப்பூசி போடாதவங்க கணக்கில் வச்சது. அது அவங்க ஆக்ஸ்போர்டில் உருவான அதே மருந்து, புனேயில் தயாரானது. கத்திப் பேசினதும், மருந்து சரிதான், உங்க சான்றிதழில்தான் பிரச்சினை என்றார்கள். கோவின் சான்றிதழில் வயசுதான் இருந்தது, பிறந்த தேதி இல்லை. ஒரு காலம், ஒரே ஒரு காலம்! இந்தியா அதைச் சேர்த்துட்டு, பதிலுக்கு அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ்காரங்களுக்கும் 10 நாள் தனிமைன்னு போட்டது. ஒரே வாரத்தில், அக்டோபர் 11 முதல், அவங்க இறங்கி வந்தாங்க. பதிலடி கொடுக்கிற அளவுக்குப் பெரிய நாடா இல்லாதவங்க என்ன பண்ணியிருப்பாங்கன்னு யோசிச்சுக்குங்க.

தென்னாப்பிரிக்காவுக்கு நடந்ததே அதுக்கு உதாரணம். 2021 நவம்பர் 24 வாக்கில் அந்த நாட்டு விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டுபிடிச்சு உடனே உலகத்துக்குச் சொன்னாங்க. ரெண்டு நாளில் விமானங்கள் நின்னுபோச்சு. 26-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் இறங்கின ரெண்டு விமானத்திலிருந்த 600-க்கு மேற்பட்டவங்களை ஓடுபாதை ஓரத்திலேயே மணிக்கணக்கில் உட்கார வச்சாங்க. எல்லாரும் தடுப்பூசிச் சான்றோ நெகட்டிவ் சான்றோ காட்டித்தான் ஏறியிருந்தாங்க. பரிசோதிச்சதில் 61 பேருக்குத் தொற்று. கொஞ்ச நாளில் இன்னொண்ணு வெளியே வந்தது: அந்த விமானங்கள் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே, நவம்பர் 19-ல் நெதர்லாந்திலேயே எடுத்த மாதிரியில் ஒமிக்ரான் இருந்திருக்கு.

நமக்கு இது பழக்கமான கதை. 1994 செப்டம்பரில் சூரத் பிளேக் சேதி வந்ததும் வளைகுடா நாடுகள் வரிசையா இந்திய விமானங்களை நிறுத்தினாங்க. அப்ப இருந்த 1969-ஆம் வருஷத்து விதி, இவ்வளவுக்கு மேல் போகக்கூடாதுன்னு எழுதியும் வச்சிருந்தது. யார் கேட்டாங்க? அடுத்த வருஷமே விதியைத் திருத்தலாம்னு முடிவு பண்ணி, 2003 சார்ஸ் வந்து உலுக்கின பிறகு, 2005-ல் எழுதி முடிச்சாங்க. உண்மையைச் சீக்கிரம் சொல்ற நாட்டைத் தேவையில்லாம முடக்கக்கூடாது என்பது அதோட முக்கியமான எண்ணங்களில் ஒண்ணு. 2021-ல் அதுவும் காகிதத்தோட சரி.

ஏர்போர்ட் ரேபிட் டெஸ்டை அமீரகம் 2022 பிப்ரவரியில் விட்டது. அமெரிக்கா 2022 ஜூன் 12-ல் பரிசோதனையை நிறுத்தினது. இந்தியா ஏர் சுவிதாவை 2022 நவம்பரில் மூடி, சீனாவில் அலை எழும்பினதும் 2023 ஜனவரி 1-ல் ஆறு இடங்களிலிருந்து வர்றவங்களுக்கு மட்டும் திறந்து, பிப்ரவரி 13-ல் மறுபடி விட்டது. சித்தப்பா அந்த ரெண்டு சான்றிதழையும், பாசிட்டிவ் ஒண்ணு நெகட்டிவ் ஒண்ணு, பாஸ்போர்ட் கவருக்குள் இன்னும் வச்சிருக்கார். எவனாவது கேட்டா காட்டணுமாம்.

டிஸ்கி: மண்டபம் முகாம் பத்தித் தனிப் பதிவு ஒண்ணு எழுத ஆசை. உங்க வீட்டில் தாத்தா, பாட்டி யாராவது அந்த வழியாப் போனவங்க இருந்தா, எத்தனை நாள் வச்சிருந்தாங்க, என்ன சாப்பாடு போட்டாங்கன்னு சொன்னதைப் பின்னூட்டத்தில் எழுதுங்க. பழைய அம்மை குத்தின சான்று, தகர வில்லை எதாவது பெட்டிக்குள் கிடந்தா போட்டோ எடுத்து வைங்க, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்க.